பட்டறைக்காரர் என்ற சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாகன வடிவமைப்பு படிக்க விரும்பும் என் மகன், இத்தாலியின் பினின் ஃபரீனாவைத் தன் ஆதர்சம் என்கிறான். அவரோ வெறும் பட்டறைக்காரராகத்தான் தெரிகிறார். ஃபெராரியால் பெயர் பெற்றவர். அவரை வடிவமைப்பாளர் என்பது மிகையல்லவா? மகனை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கல்லூரிகளைப் பற்றி என்னைவிட நன்கறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஃபெராரியுடன் அவர் கைகோத்தது 1950களில். அதற்கு முன்பே அவர் புகழ்பெற்றிருந்தார். ஆனால் ‘வெறும் பட்டறைக்காரர்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை உங்கள் மகனின் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள்.

பதினொரு பிள்ளைகளில் பத்தாவதாக 1893இல் பிறந்த பத்திஸ்தா ஃபரீனாவை வீட்டில் ‘பினின்’ என்று அழைத்தார்கள். பியட்மான்ட் வட்டார மொழியில் சின்னவன் என்று பொருள். சிறுவயதிலேயே தூரின் நகரில் அண்ணன் ஜொவான்னியின் கார் உடல் கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, 1930இல் தனக்கென்று ஒரு பட்டறையைத் தொடங்கினார். அங்கே தகடு தட்டும் கைவினைஞர்களுக்கு ‘பத்திலாஸ்த்ரா’ என்று பெயர். தகட்டை மணல் நிரப்பிய தோல்பையின் மேல் தட்டி, மர அச்சின் மேல் வைத்துப் பார்த்து, பொருந்தாத இடத்தை மீண்டும் தட்டி, ஒரு வளைவை நாள்கணக்கில் தேடிக் கண்டடைபவர்கள் அவர்கள். அந்தத் தேடலைச் சிந்தனை என்று ஒப்புக்கொள்ள உங்களைத் தடுப்பது எது?

என் தாய்மாமா டிங்கர் வேலை செய்தவர். நசுங்கிய கதவை நிமிர்த்தியதும் கண்களை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மெல்லத் தடவுவார். பார்வைக்குத் தப்பிய மேடும் அந்தக் கைக்குத் தப்பாது. பிறகு அதே இடத்தில் சுத்தியலால் இரண்டு தட்டு. அவரையும் உறவினர்கள் ‘வெறும்’ என்றுதான் சொன்னார்கள்.

பினின் ஃபரீனாவின் பட்டறையில் உருவான சிசிடாலியா 202 என்ற காரின் படத்தை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். அன்றைய பெரும்பாலான கார்களில் பானெட், மட்கார்டு, விளக்கு எல்லாம் தனித்தனியே செய்து பூட்டியவைபோல நிற்கும். இதில் பானெட் மட்கார்டுகளைவிடத் தாழ்ந்திருக்க, விளக்குகளும் உடலுக்குள் அமைந்து, முன்னிருந்து பின்வரை ஒரே பரப்பாக ஓடுகிறது. கையால் தட்டிய அலுமினியம் அது. 1951இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் எட்டுக் கார்களைக் கலைப்படைப்புகளாகக் காட்சிக்கு வைத்தபோது, அவற்றில் இதுவும் ஒன்று. காகிதத்தில் ஒரு கோடு எங்கே வேண்டுமானாலும் வளையும். தகடு அப்படி வளையாது. அது எங்கே இணங்கும், எங்கே கிழியும் என்று சிறுவயது முதல் கையால் அறிந்த ஒருவரின் மேற்பார்வையில்தான் இந்தப் பரப்பு உருவாயிற்று.

1961இல் இத்தாலியக் குடியரசுத் தலைவரின் ஆணைப்படி, அந்த வீட்டுச் செல்லப்பெயர் சேர்ந்து ‘பினின்ஃபரீனா’ என்பதே குடும்பப் பெயராயிற்று.

கல்லூரி திறப்பதற்கு முன் மகனை ஒரு மாதம் நல்ல டிங்கர் ஒருவரிடம் அனுப்புங்கள். நீங்களும் ஒருநாள் உடன் சென்று, அவர் கண்ணை மூடித் தடவும்போது அருகில் நில்லுங்கள்.

அன்புடன்.