கிரேக்கச் சிலைகளுக்கு வண்ணம் பூசியது ரசனைக் குறைவா?

கேள்வி: பழைய கிரேக்கர்கள் பளிங்குச் சிலைகளுக்கு வண்ணம் பூசினார்களாமே, உண்மையா? வெள்ளையாகவே விட்டிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்காதா?

பூசினார்கள், உண்மைதான். இருந்திருக்காது என்பது இரண்டாவதற்குப் பதில்.

பழைய வண்ணம் எப்படி இருந்திருக்கும் என்று காட்ட இந்தக் காலத்தில் செய்த, சிவப்பும் நீலமுமாகப் பளீரென்று நிற்கும் மாதிரிச் சிலை ஒன்றின் படத்தைப் பார்த்து நீங்கள் முகம் சுளித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் மச்சானும் அப்படித்தான். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஏதென்சின் பார்த்தினன் கோயில் சிற்பங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, "வெள்ளைதான் மச்சான் கிளாஸ். நீங்க பெயின்டரு, அதான் எதைப் பார்த்தாலும் கலர் அடிக்கத் தோணுது" என்றார். லண்டனில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பதுதான் என் பிழைப்பு. சுருக்கென்று இருந்தது.

அவரை அந்தச் சிற்பங்களில் ஒன்றான ஐரிஸ் என்ற கிரேக்கத் தேவதையின் சிலைக்கு இழுத்துப் போனேன். தலை கிடையாது, இறக்கை கிடையாது; காற்றில் உடம்போடு ஒட்டிய துணியும் இடுப்பில் ஒரு கச்சையும்தான் மிச்சம். அந்தக் கச்சையில் எகிப்திய நீலம் என்ற பழங்கால வண்ணப்பொடி இன்னும் ஒட்டியிருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் பட்டால் அகச்சிவப்புக் கதிரை உமிழ்வது அந்த நீலத்தின் குணம். அதற்கான கேமராவில் பார்த்தால் துகள்கள் வெள்ளையாக மின்னும். 2009-ல் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். மச்சான் குனிந்து பார்த்துவிட்டு "ஒண்ணும் தெரியலையே" என்றார். தெரியாது என்றுதானே முதலிலேயே சொன்னேன்!

அந்தச் சிற்பங்கள் இவ்வளவு வெள்ளையாக இருப்பதற்கு வெயிலும் மழையும் மட்டும் காரணமில்லை. 1937-38-ல் டுவீன் என்ற பணக்காரக் கலை வியாபாரியின் செலவில் இவற்றுக்குப் புதுக் கூடம் தயாராகிக்கொண்டிருந்தது. சிற்பங்கள் இன்னும் வெள்ளையாக வேண்டும் என்று அவர் தரப்பில் நெருக்க, வேலையாட்கள் செப்புக் கருவியாலும் கார்போரண்டம் என்ற கடினமான தேய்ப்புக் கல்லாலும் சுரண்டினார்கள். பழுப்பேறிய மேல்தோல் பல இடங்களில் போயே போய்விட்டது. பெயின்ட் போனதே இதனால்தான் என்று நான் சொல்லவில்லை, கமென்டில் சண்டைக்கு வராதீர்கள். காசு கொடுப்பவர் வெள்ளை கேட்டால் என்ன நடக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

எனக்கு இது தினசரி அனுபவம். போன வருடம் ஒரு வீட்டுக்காரர், "எல்லாம் வெள்ளைதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு கூலி?" என்று பாதி வேலையில் பேரம் பேசினார். ஐயா, வெள்ளையில்தான் சுவரின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் காட்டிக்கொடுக்கும். புட்டி வைத்து, தேய்த்து, பிரைமர் அடிக்கும் நேரத்துக்கு யார் காசு தருவது? சரி, அதை விடுங்கள்.

கிரேக்கச் சிற்ப வளர்ச்சி என்றால் எல்லோரும் உளியைப் பற்றித்தான் பேசுவார்கள். கி.மு. 590 வாக்கில் கைகளைத் தொடையோடு ஒட்டி, இடதுகாலை முன்வைத்து விறைப்பாக நின்ற இளைஞன் சிலை, கி.மு. 480 வாக்கில் 'கிரிட்டியோஸ் சிறுவன்' என்ற சிலையாகி ஒரு காலில் பாரத்தை இறக்கி இடுப்பைச் சாய்க்கிறான். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணும் உதடும் துணிக்கரையும் முடிந்தது தூரிகையில். கோயிலிலும் அதே கதை: டோரிக் என்ற கட்டடப் பாணியில் டிரைகிளிஃப் என்ற மூவரிப் பலகைகளை நீலமாக்கி, இடையிடையே சிவப்பு விட்டார்கள்.

ஏதென்சில் பெப்லோஸ் கோரே என்ற பெண் சிலை இருக்கிறது, கி.மு. 530 வாக்கில் செய்தது. கி.மு. 480-ல் பாரசீகர்கள் ஏதென்சின் கோயில் குன்றான அக்ரோபோலிஸை நாசமாக்கிய பிறகு, உடைந்த சிலைகளை ஏதென்ஸ்காரர்கள் அங்கேயே புதைத்துவிட்டார்கள். 1886-ல் தோண்டி எடுத்தபோது இவளுடைய கூந்தலிலும் ஆடையிலும் வண்ணம் இருந்தது.

எனக்குப் பிடித்த சாட்சி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் உள்ள ஒரு மண்கலயம். தென் இத்தாலியில் கிரேக்கர்கள் செய்தது, கி.மு. 360-350. அதில் வரைந்த படத்தில் ஒருவர், கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளீஸ் சிலையின் சிங்கத்தோல் ஆடைக்கு மெழுகு வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறார். மெழுகை இளக்கும் கம்பிகள் கரியடுப்பில் காய்கின்றன, பக்கத்தில் ஒரு பையன். இந்தப் பக்கம் ஹெராக்ளீஸே நேரில் வந்து நின்று பார்க்கிறார்! வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும் கஷ்டம் அன்றைக்கும் இருந்திருக்கிறது.

முதலில் சொன்ன, இந்தக் காலத்து வண்ணப் பிரதிகள் கொஞ்சம் காட்டமாகத்தான் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். அவற்றில் பல பிளாஸ்டர் வார்ப்புகள். பிளாஸ்டர் வண்ணத்தை அப்படியே குடித்துவிடும். பளிங்கில் மெல்லப் பூசி மெழுகு தேய்த்தால் உள்ளிருந்து வெளிச்சம் வரும். இது தொழில்காரன் கணிப்பு. ஆராய்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், "பெயின்டருக்கு இதெல்லாம் எதற்கு" என்று எழுதப் போகிறவர்களுக்கு: பிராக்ஸிடிலீஸ் என்ற மகா சிற்பியிடம், உங்கள் பளிங்குச் சிலைகளில் உங்களுக்குப் பிடித்தவை எவை என்று கேட்டார்களாம். நிக்கியாஸ் கைவைத்தவை என்றாராம். ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார். நிக்கியாஸ் சிற்பி இல்லை, அந்தச் சிலைகளுக்கு வண்ணம் பூசிய ஆள். மச்சானுக்கும் இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதிலில்லை.