கிர்கிஸ் புல் தட்டியில் பூஞ்சணம்: கழுவலாமா?

கேள்வி: மகள் பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்கிறாள். போன லீவுக்கு வந்தபோது, வண்ணக் கம்பளி சுற்றிய குச்சிகளால் ஆன தட்டி ஒன்று வாங்கி வந்தாள். ஹால் சுவரில் மாட்டினோம். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் பின்பக்கம் சாம்பலாகப் பூத்திருக்கிறது. மூங்கில்தானே, சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் போடலாமா? (வாசகி, சென்னை)

பதில்: தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது மூங்கிலும் இல்லை. கிர்கிஸ்தானில் ‘சிய்’ என்று சொல்லும் புல்லின் தண்டு. மத்திய ஆசியாவிலிருந்து மங்கோலியா, வட சீனா வரை வறண்ட புல்வெளிகளில் குத்துக் குத்தாக, ஆண்டுக்கணக்கில் நிற்கும் புல் இது. இரண்டரை மீட்டர் வரை உயரும். வறண்ட நிலத்துப் புல்தான், ஆனாலும் வேர் நிலத்தடி நீரைத் தேடிப் போகும். அதனால் இது அடர்ந்து நிற்கும் இடத்தில் தண்ணீர் அதிக ஆழத்தில் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒடிந்த குச்சியைப் பாருங்கள். 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமன், உள்ளே வெள்ளை நெட்டி. நாணலாக இருந்தால் நடுவே குழலாக இருக்கும்.

நாடோடிகளின் யுர்த் கூடாரத்தில் மரச்சட்டத்துக்கும் வெளியே போர்த்தும் கம்பளத்துக்கும் நடுவில் இந்தத் தட்டி வரும். கோடையில் கம்பளத்தைச் சுருட்டி மேலே தூக்கிவிட்டால் தட்டி வழியாகக் காற்று வரும், ஆடு உள்ளே வராது. உங்களிடம் இருப்பது அலங்கார வகை. நூற்காத கம்பளியைத் தண்டு தண்டாகச் சுற்றி, பக்கத்துத் தண்டைப் பார்த்து நிறத்தை மாற்றிக்கொண்டே போவார்கள். எல்லாத் தண்டையும் சேர்த்துக் கட்டினால்தான் கோலம் தெரியும்.

அந்தக் கம்பளி நனைந்தால் சுருங்கிக் கட்டியாகிவிடும், சாயமும் ஒன்றோடொன்று கலக்கலாம். நெட்டி குடித்த ஈரம் லேசில் காயாது. நேர் வெயிலில் நிறம் வெளுக்கும்.

சரி, என்ன செய்யலாம்? ஈரப்பதம் குறைந்த நாளாகப் பார்த்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பால்கனி நிழலில் மென்மையான பிரஷ்ஷால் தண்டின் நீளவாக்கில் தட்டிவிடுங்கள். குறுக்கே தேய்த்தால் கம்பளி பிரியும். அப்புறம் இரண்டு நாள் மின்விசிறிக் காற்று. மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில்தான் மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உள்சுவருக்கு மாற்றி, நான்கு மூலையிலும் மரக்கட்டை வைத்து இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

பூஞ்சணத்தைவிட எனக்குக் கவலை பூச்சிதான். அந்துப்பூச்சிப் புழு கம்பளியைத் தின்னும், புல்லை விட்டுவிடும். அங்கங்கே தண்டு மொட்டையாகத் தெரிந்தால் வந்துவிட்டது என்று அர்த்தம். வேப்பிலை, வசம்பெல்லாம் உள்ளே இருக்கும் முட்டையைக் கொல்லாது. தண்டு மடங்காமல் பாய் மாதிரி சுருட்டி, பாலிதீனில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜில் கொள்ளாது. தெரிந்த ஐஸ்கிரீம் கடைக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வெளியே எடுத்ததும் கட்டைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த கம்பளியில் ஈரம் கோத்துக்கொள்ளும்.