"ரிட்டர்ன் கிடையாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் கடைக்காரர் பொறுப்பு முடிந்துவிடுமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஓட்டத்திலிருந்து கழித்த தனியார் பஸ் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, தானும் மனைவியும் குடியிருக்கிற வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறார். பஸ் இப்போது ரெட்டிச்சாவடி பக்கம் ஒரு மனையில் நிற்கிறது. போன மாதம் புதுச்சேரியில் ஒரு பழைய சாமான் கடையில் ஃபிரிட்ஜ் 9,500, ஏசி 14,000 என்று பேசி, இரண்டையும் சேர்த்து எடுத்ததால் 3,000 தள்ளுபடி போக 20,500 ரூபாய் கொடுத்திருக்கிறார். ஏசி எட்டு நாள் குளிர்ந்தது, அப்புறம் வெறும் காற்றுதான். ஃபிரிட்ஜ் மனையில் இருக்கிற கரண்டில் நன்றாக ஓடுகிறது, பஸ் இன்வெர்ட்டரில் போட்டால் இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகிவிடுகிறது. கடைக்காரர் தந்த துண்டுச் சீட்டில் "ரிட்டர்ன், வாரண்டி கிடையாது" என்று இருக்கிறது. இது போக, வீடு காலி செய்த ஒருவரிடம் 5,000 ரூபாய்க்கு வாங்கிய வாஷிங் மெஷின் அடியில் ஒழுகுகிறது. பழைய பொருள்தானே, கேட்க முடியுமா என்கிறார்.

கேட்கலாம். ஆனால் மூன்று பொருளுக்கும் மூன்று வேறு பதில்.

முதலில் ஏசி. உங்கள் மெக்கானிக் பின்பக்கக் காயிலில் பழைய பற்றவைப்பு ஒன்றைக் காட்டினார், அதன்மேல் மட்டும் புது சில்வர் பெயின்ட் அடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கின் உயிர் அந்த ஒரு விரல் அகலப் பெயின்ட்தான். பழைய பொருள் என்று தெரிந்து வாங்கியவர் தேய்மானத்தை ஏற்றுக்கொள்கிறார், மறைத்து வைத்த ஓட்டையை ஏற்றுக்கொள்வதில்லை. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "குறைபாடு" என்பதற்குச் சொல்லியிருக்கிற விளக்கத்தில், விற்பவர் பொருளைப் பற்றி என்ன சொல்லி விற்றாரோ அந்தத் தரம் இல்லாமல் போவதும் அடங்கும். "கேஸ் லீக் எதுவும் இல்லை, நேராகப் போட்டுக்கலாம்" என்று அவர் சொன்னதற்கு உங்கள் மனைவியும் சாட்சி. எனவே தயவுசெய்து இப்போதைக்கு கேஸ் ஏற்றிவிடாதீர்கள், அந்த இடத்தைச் சுரண்டவும் வேண்டாம். போட்டோ, வீடியோ எடுங்கள், சீரியல் எண் உள்ள ஸ்டிக்கரும் அதே வீடியோவில் வரட்டும், மெக்கானிக்கிடம் தேதி போட்டு இரண்டு வரி எழுதி வாங்குங்கள். ரிப்பேர் செய்துவிட்டு வந்து நியாயம் கேட்கிறவர்களுக்கு என்னால் அதிகம் செய்ய முடிந்ததில்லை, ஏனென்றால் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

ஃபிரிட்ஜ் விஷயம் வேறு. அதில் பழுதே இல்லை. கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகிற நொடியில் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. இதற்குக் கடைக்காரர் எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்கத் தோன்றும். 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு இங்கேதான் உதவுகிறது. இன்ன வேலைக்கு வேண்டும் என்று வாங்குபவர் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்தப் பொருள் அந்த வேலைக்கு ஓரளவாவது பொருந்த வேண்டும், எழுதாவிட்டாலும் அது ஒரு நிபந்தனை. நீங்கள் வாட்ஸ்அப்பில் "பஸ் வீட்டுக்கு, இந்த இன்வெர்ட்டரில் ஓடணும்" என்று இன்வெர்ட்டர் படத்தோடு அனுப்பியதும், "தாராளமா ஓடும் சார், நானே பார்த்து எடுத்துத் தரேன்" என்று அவர் பதில் போட்டதும் இருக்கிறதல்லவா, அதை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். குறிப்பிட்ட கம்பெனி ஃபிரிட்ஜ்தான் வேண்டும் என்று பெயர் சொல்லி நீங்கள் கேட்டிருந்தால் இந்த வாதம் பலவீனமாகியிருக்கும். தேர்வை அவரிடமே விட்டீர்கள், நல்லதாயிற்று.

துண்டுச் சீட்டுக்கு வருகிறேன். இரண்டு தரப்பும் வெளிப்படையாக ஒத்துக்கொண்டால் இந்த எழுதாத நிபந்தனைகளை விலக்கலாம் என்று அதே சட்டத்தின் 62-வது பிரிவு சொல்வது உண்மை, கடைக்காரர் அதைத்தான் பிடிப்பார். ஆனால் பணம் கைமாறிய பிறகு நீட்டிய சீட்டில் இருந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் எப்படிச் சேரும்? பொய் சொல்லி விற்றதற்கு அந்த வரி பாதுகாப்பும் ஆகாது. அதோடு, ஒழுங்கான பில் தராமல் விற்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கைகள். திரும்ப எடுப்பதற்கு பில்லில் காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. உங்களுக்கு அந்த 30 நாள் இன்னும் முடியவில்லை. இந்த வாரமே பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தரச் சொல்லி வாட்ஸ்அப்பிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் எழுதிவிடுங்கள். தள்ளுபடியில் வாங்கியதால் உரிமை குறையாது, கொடுத்த 20,500-ஐத்தான் திரும்பக் கேட்க முடியும், அவ்வளவுதான்.

வாஷிங் மெஷினுக்கு நுகர்வோர் வழக்கு நிற்பது கடினம். விற்றவர் வியாபாரி இல்லை, வீடு மாறும்போது தன் பொருளைக் கொடுத்தவர். சிவில் கோர்ட் போகலாம், ஆனால் 5,000 ரூபாய்க்கு அது கட்டுப்படியாகாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு அவரைக் கூப்பிடுவார்கள். ஒழுகல் சாதாரண ரப்பர் கேஸ்கெட்டாக இருந்தால் மாற்றிக்கொண்டு விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன்.

வழக்கை எங்கே போடுவது? கடை புதுச்சேரி, நீங்கள் கடலூர் மாவட்டம். நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போட 2019 சட்டம் இடம் தருகிறது. ஆனால் உங்கள் வீட்டுக்குச் சக்கரம் இருக்கிறதே! குடியிருக்கும் இடம் எது என்று எதிர்த்தரப்பு கிளப்பினால் பதில் வேண்டும். ஆதார் முகவரி இன்னும் முதுநகர்தான் என்றால் அதையும் மனைக்குப் போட்ட வாடகை ஒப்பந்தத்தையும் இணைத்துக் கடலூரிலேயே போடலாம். இரண்டுமே இல்லையென்றால் கடை இருக்கும் புதுச்சேரியில் போடுவது பாதுகாப்பு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து ஒரு புகார் பதிந்துவிடுங்கள், பல கடைக்காரர்கள் அதிலேயே இறங்கி வருவார்கள். ஒரு எச்சரிக்கை: சீசனில் பஸ்ஸைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் யோசனை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வணிகத்துக்கு வாங்கினார், நுகர்வோரே இல்லை என்று கடைக்காரர் சொல்லலாம். குடியிருக்கத்தான் வாங்கினீர்கள், அந்த உண்மையைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. சீட்டைக் கழற்றி, உள்ளே கட்டில், சிங்க் எல்லாம் பொருத்தியிருக்கிறீர்கள், ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், இன்னும் பஸ் என்றே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி இல்லாமல் இப்படி மாற்றக் கூடாது, உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இதைத்தான் முதலில் பார்க்கும். மனையில் நிற்கும்போது யாரும் கேட்கப் போவதில்லை, ஆனால் இப்போது கடலூர் ஆர்டிஓ அலுவலகம் போய் விசாரித்து, ஆர்சியைச் சரிசெய்த பிறகே ரோட்டுக்கு எடுங்கள்.