கோதிக் ராக் குழுக்களின் லைவ் ஆல்பத்தில் அப்படி என்ன ஈர்ப்பு இருக்கிறது?

கேள்வியோடு ஒரு விளக்கமும் சேர்த்திருக்கிறீர்கள். ராக் இசையின் அச்சமூட்டும் கிளையான இந்த வகை இசையின் இருண்ட சூழலே ஸ்டுடியோவில் அடுக்கடுக்காகக் கட்டியதுதான், அதை மேடையில் கொண்டுவர முடியாது, போதாக்குறைக்குக் கைதட்டலும் விசிலும் வேறு, பிறகு எதற்கு லைவ் ஆல்பம் என்று கேட்கிறீர்கள். பொதுவாகப் பதில் சொன்னால் உப்புச்சப்பில்லாமல் போகும். பல வருடங்களாக நான் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் ஒரே ஒரு ஆல்பத்தை வைத்துச் சொல்கிறேன்.

பாடகி சூசியின் பிரிட்டிஷ் குழுவான சூசி அண்ட் த பான்ஷீஸின் 'நாக்டர்ன்'. 1983 செப்டம்பர் 30, அக்டோபர் 1 ஆகிய இரண்டு இரவுகள் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த கச்சேரிகளிலிருந்து தொகுத்து, அதே நவம்பரில் இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டார்கள். கோதிக் என்ற முத்திரை சூசிக்குப் பிடித்ததே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த இசைக்கு அச்சாரம் போட்டவர்கள் யார் யார் என்று யார் எண்ண ஆரம்பித்தாலும் இவர்கள் பெயர் வராமல் போகாது.

எனக்கு இது வந்து சேர்ந்தது ஒரு பென் டிரைவில். அப்போது ஒரு டேட்டா சென்டரில் இரவுப் பணி. பன்னிரண்டு மணிக்கு மேல் பெரிதாக வேலை இருக்காது. திரையில் பச்சை எதுவும் சிவப்பாகிவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவர், "தம்பி, இதைக் கேளு, தூக்கம் வராது" என்று கொடுத்தார். ஏசியும் சர்வர் விசிறிகளும் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் அறை. ஹெட்போனை மாட்டினால் முதலில் வந்தது ராக் இசையே இல்லை, ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்'. 1913-ல் பாரிஸில் முதன்முதலாக அரங்கேறியபோது பார்வையாளர்கள் கூச்சல் போட்டுக் கலாட்டா செய்தார்களே, அதே இசை. ஆர்கெஸ்ட்ரா முழங்க, அதற்கு மேலாகக் கூட்டத்தின் ஆரவாரம் எழ, அது அடங்குவதற்குள் 'இஸ்ரேல்' என்ற அவர்களுடைய பாட்டு தொடங்கிவிடுகிறது. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

அந்தத் தொடக்கத்தின் கனம் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. சூசியும் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்டீவன் செவரினும் முதன்முதலாக மேடையேறியது 1976 செப்டம்பர் 20 அன்று, லண்டன் 100 கிளப்பில் நடந்த, பங்க் என்ற முரட்டு ராக் இசைக்கான விழாவில். அன்று அவர்களிடம் வாசிக்க ஒரு பாட்டுகூடக் கிடையாது. தேவாலய ஜெபம் ஒன்றை எடுத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி, கைக்கு வந்தபடி இருபது நிமிடம் போல வாசித்துவிட்டு இறங்கினார்கள். அங்கிருந்து ஆல்பர்ட் ஹால் மேடைக்கு வந்து சேர ஏழு வருடமும் பத்து நாளும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்டுடியோவின் இருட்டு மேடையில் கரைந்துவிடாதா?

இந்த இசை எப்படி நிற்கிறது என்று பாருங்கள். சாதாரண ராக்கில் கிட்டார்தான் நடுவில் சுவர் மாதிரி நிற்கும், பேஸ் அதற்கு முட்டுக் கொடுக்கும். இங்கே தலைகீழ். மெட்டைப் பாதி நேரம் பேஸ்தான் சுமக்கிறது. டிரம்ஸில் சிம்பல் என்ற உலோகத் தட்டுகளின் சலசலப்பு குறைவு, டாம் என்ற முரசுகளின் கனத்த அடிதான் அதிகம். கிட்டார் மேலே பனிமூட்டம் போலப் பரவும். குரல் தனியாக, எல்லோருக்கும் முன்னால் நிற்கும். ஆக, நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. கேட்பவரை அச்சுறுத்துவது அந்த வெற்றிடம்தான். ஸ்டுடியோவில் அதை எதிரொலிக் கருவிகளைக் கொண்டு உண்டாக்குவார்கள். இல்லாத ஒரு பெரிய அறையை இருப்பது போல ஒலிக்கச் செய்வார்கள். ஆல்பர்ட் ஹாலில் அந்த அறை நிஜமாகவே இருக்கிறது.

அதுவும் எப்பேர்ப்பட்ட அறை! இறந்துபோன கணவர் ஆல்பர்ட்டின் பெயரால் விக்டோரியா மகாராணி 1871-ல் திறந்துவைத்த மண்டபம். நீள்வட்ட வடிவம், தலைக்கு மேலே இரும்பும் கண்ணாடியுமான பிரம்மாண்டக் குவிமாடம். திறந்த நாளிலிருந்தே எதிரொலித் தொல்லை. ஓர் இசையமைப்பாளர் தன் படைப்பை இரண்டு முறை கேட்க வேண்டுமென்றால் இங்கே வந்தால் போதும் என்று ஒரு பழைய கிண்டல்கூட உண்டு. 1969-ல்தான் கண்ணாடியிழையால் செய்த பெரிய பெரிய தட்டுகளைக் காளான் கூட்டம் போலக் கூரையிலிருந்து தொங்கவிட்டு அந்த எதிரொலியைக் கொஞ்சம் அடக்கினார்கள். அடக்கினார்களே தவிர, மண்டபத்தின் விசாலத்தை எடுத்துவிடவில்லை. 'நாக்டர்ன்' முழுக்க அந்த விசாலம் கேட்கிறது. டிரம்மர் பட்ஜி டாமில் ஓர் அடி போடுகிறார், அதன் கார்வை போய்ச் சுவரைத் தொட்டுத் திரும்பும் தூரம் காதுக்குத் தெரிகிறது. நல்ல ஹெட்போனில், ராத்திரி நேரத்தில் கேட்டுப் பாருங்கள். ஸ்டுடியோ ஆல்பத்தில் இருட்டு உங்களைச் சுற்றி இருக்கும். இதில் நீங்கள் அந்த இருட்டுக்குள் எங்கோ பின்வரிசையில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

அடுத்தது, மேடையில் இருந்த ஆட்கள். நான்கே பேர். சூசி, செவரின், பட்ஜி, கிட்டாரில் க்யூர் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித். ஆமாம், அதே ராபர்ட் ஸ்மித்தான். அவர் இந்தக் குழுவுக்கு இரவல் ஆள், அதுவும் இரண்டாம் முறையாக. 1979 செப்டம்பரில் அபர்டீனில் கச்சேரி தொடங்கவிருந்த நேரத்தில் கிட்டார்காரரும் டிரம்மரும் குழுவை விட்டுக் கிளம்பிப் போய்விட்டார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தில் முன்கச்சேரி செய்துகொண்டிருந்தது க்யூர். ஸ்மித் தினமும் தன் குழுவோடு வாசித்து முடித்து, திரும்பவும் மேடையேறி இவர்களுக்கும் வாசித்தார். பட்ஜி வந்து சேர்ந்ததும் அப்போதுதான். பிறகு ஜான் மெக்கியோக் வந்தார். 'கலைடாஸ்கோப்', 'ஜூஜூ', 'எ கிஸ் இன் த ட்ரீம்ஹவுஸ்' என்று மூன்று ஆல்பங்களில் அவர் வாசித்த கிட்டாரைப் பின்னால் வந்த எத்தனையோ பேர் பாடமாகப் படித்தார்கள். 1982 கடைசியில் அவர் உடைந்துபோய் வெளியேற நேர்ந்தபோது, மறுபடியும் ஸ்மித்தைத்தான் கூப்பிட்டார்கள்.

அதனால் இந்தக் கச்சேரியின் பெரும்பாலான பாட்டுகளில் ஸ்மித் வாசிப்பது இன்னொருவர் அமைத்த கிட்டார் இசையை. 'ஸ்பெல்பவுண்ட்' பாட்டின் ஸ்டுடியோ பதிவில் அக்குஸ்டிக் கிட்டாரின் வேகமான மீட்டலும் மின்கிட்டாரும் பின்னிப்பிணைந்து ஓடும். மேடையில் அவருக்கு இருப்பது இரண்டே கைகள். எல்லாவற்றையும் வாசிக்க முடியாது, எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். அவர் எதை விடுகிறார், எதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார் என்று கவனிப்பதே எனக்குத் தனி இன்பம். மெக்கியோக்கின் கோடுகள் கூர்மையாக இருக்கும், ஊசியால் கீறினாற்போல. ஸ்மித்தின் கையில் அதே கோடுகள் கொஞ்சம் மங்கி, நீரில் கரைந்த மை மாதிரி படர்கின்றன. இது குறை என்று சொல்பவர்கள் உண்டு. மெக்கியோக்தான் உயர்ந்த கலைஞர் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்த மண்டபத்துக்கு, அந்த இரண்டு இரவுகளுக்கு, இந்த மங்கல்தான் பொருந்துகிறது. 'ஸ்லோடைவ்' பாட்டின் ஸ்டுடியோ பதிவில் வயலின்கள் உண்டு. இங்கே வயலின்காரர்கள் இல்லாததால், பட்ஜியின் தாளத்தோடு பாட்டு எலும்பும் தோலுமாக நிற்கிறது. எனக்கு அந்த எலும்புதான் பிடித்திருக்கிறது.

கச்சேரிக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், செப்டம்பர் 23 அன்று, 'டியர் புரூடென்ஸ்' சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டாக, வெளிவந்திருந்தது. பீட்டில்ஸ் பாட்டு. 1968-ல் ரிஷிகேஷில் தியானம் தியானம் என்று அறைக்குள்ளேயே அடைந்து கிடந்த ஒரு பெண்ணை வெளியே கூப்பிட்டு ஜான் லெனன் எழுதியது. பான்ஷீஸின் பதிவு பிரிட்டிஷ் பட்டியலில் 3-ஆம் இடம் வரை போனது, அவர்களுடைய சிங்கிள்களிலேயே அதுதான் உச்சம். புதுப்பாட்டின் வெற்றிச் சூட்டோடு ஏறிய மேடை என்பதால் கச்சேரியில் அதை இரண்டாவதாகவே வாசித்து முடித்துவிடுகிறார்கள். முதல் ஹிட்டான 'ஹாங்காங் கார்டன்' இந்த ஆல்பத்தில் இல்லவே இல்லை. 'கிறிஸ்டீன்' என்ற சிங்கிளும் இல்லை. அதற்குப் பதிலாக, அதே 'கிறிஸ்டீன்' இசைத்தட்டின் பின்பக்கத்தில் இருந்த 'ஈவ் வைட்/ஈவ் பிளாக்' இருக்கிறது. பல ஆளுமைகளாகப் பிளவுபட்ட ஓர் அமெரிக்கப் பெண்ணின் உண்மைக் கதையிலிருந்து பிறந்த பாட்டு. முனகல் போலத் தொடங்கி அலறலாக உடையும். ஐயாயிரம் பேர் கொள்ளும் மண்டபத்தில் அந்த முனகலைச் சூசி அவசரப்படாமல் இழுக்கிறார். கூட்டத்துக்குத் தெரிந்த பாட்டுகளை வரிசையாக வாசித்துவிட்டுப் போயிருந்தால் இந்த ஆல்பத்தை இன்று நான் தேடியிருக்க மாட்டேன்.

'நைட் ஷிஃப்ட்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயரைப் பார்த்ததும் நம்மைப் போல ராத்திரி வேலை பார்ப்பவர்களின் பாட்டு என்றுதான் நினைத்தேன். அந்த அறையில், மூன்று மணிக்கு, அது எங்கள் பாட்டு போலவே இருந்தது. மெதுவாக அரைத்துக்கொண்டு போகும் பேஸ், அதன் மேல் அலைந்து திரியும் கிட்டார். பல மாதம் கழித்துத்தான் அதன் பின்கதையைப் படித்தேன். 1975-லிருந்து 1980 வரை வட இங்கிலாந்தில் பதின்மூன்று பெண்களைக் கொன்ற பீட்டர் சட்க்ளிஃபைப் பற்றிய பாட்டு அது. 1981 ஜனவரியில்தான் அவன் பிடிபட்டான். அதே ஆண்டு ஜூனில் இந்தப் பாட்டோடு 'ஜூஜூ' வெளிவந்தது. வெளியே போனால் திரும்பி வருவோமா என்ற பயத்தோடு பெண்கள் இரவுகளைக் கழித்த காலம் அது, 1983-ல் அந்தப் பயம் விலகி மூன்று வருடம்கூட ஆகவில்லை. அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அது கதையில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பதிவை மறுபடி கேட்டேன். சூசியின் குரலில் பரிதாபம் காட்டும் குழைவு ஓர் இடத்தில்கூட இல்லை. நிமிர்ந்து நின்று பாடுகிறார். கோதிக் என்றால் கறுப்பு உடையும் கண்மையும்தான் என்று நினைப்பவர்களிடம் நான் கேட்கச் சொல்வது இந்த ஒரு பாட்டைத்தான்.

கைதட்டல் தொந்தரவு என்றீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பாட்டு முடிந்ததும் கூட்டம் இரைகிறது, அந்த இரைச்சலைக் கொண்டுதான் அதற்கு முன்னால் எவ்வளவு அமைதி இருந்தது என்பதை நான் அளக்கிறேன். பாட்டு ஓடும்போது அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஸ்டுடியோ பதிவில் உங்களோடு கூடவே பயப்பட ஆள் கிடையாது.

மற்ற குழுக்களின் லைவ் ஆல்பங்களும் நல்லவை உண்டு. பௌஹாஸ் குழுவின் 'பிரெஸ் த இஜெக்ட் அண்ட் கிவ் மீ த டேப்' 1982-ல் வந்தது, கரடுமுரடாக இருக்கும், அதுதான் அதன் அழகு. க்யூரின் 'கான்சர்ட்' 1984. சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி 1985 ஜூனில் இதே ஆல்பர்ட் ஹாலில் வாசித்த கச்சேரி 'வேக்' என்ற பெயரில் வீடியோவாக இருக்கிறது. அவர்களுக்கு டிரம்மர் கிடையாது, டிரம் மெஷின்தான். அதைப் பார்த்துவிட்டு 'நாக்டர்ன்' கேட்டால், ஒரே மண்டபத்தில் மெஷின் என்ன செய்கிறது, பட்ஜியின் இரண்டு கைகள் என்ன செய்கின்றன என்பது நன்றாகப் புரியும்.

ஸ்மித்தால் இதை நீண்ட நாள் தாங்க முடியவில்லை. அந்த 1983-ல் மட்டும் க்யூருக்கு இரண்டு சிங்கிள், செவரினோடு சேர்ந்து 'த க்ளவ்' என்ற பெயரில் ஓர் ஆல்பம், இங்கே பான்ஷீஸ். அடுத்த ஆண்டு 'ஹயீனா' ஆல்பம் கடைக்கு வரும் சமயத்தில் உடம்பு ஒத்துழைக்காமல் விலகிவிட்டார். இந்த நால்வரும் சேர்ந்து வெளியிட்ட லைவ் ஆல்பம் இது ஒன்றுதான்.

கேட்க நினைத்தால் முதலில் 'ஜூஜூ', 'எ கிஸ் இன் த ட்ரீம்ஹவுஸ்' இரண்டையும் ஓரிரு முறை கேட்டுவிடுங்கள், பாட்டுகள் பழகியிருக்கும். அப்புறம் 'நாக்டர்ன்', 2009-ல் ஒலியைச் செப்பனிட்டு வெளியிட்ட பதிப்பு கிடைத்தால் நல்லது. கச்சேரியின் படமும் 2006-ல் டிவிடியாக வந்தது. ஆனால் முதல் தடவை படம் வேண்டாம், காதால் மட்டும் கேளுங்கள். நடுவில் நிறுத்தாமல் கடைசியில் வரும் 'வூடு டாலி' வரை போங்கள். ஸ்டுடியோவில் ஏழு நிமிடம் ஓடும் அந்தப் பாட்டு இங்கே அதையும் தாண்டி நீள்கிறது. ஊர்ந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்து, முடிவில் நால்வரும் ஒரே சுழலில் அகப்பட்டுக்கொண்டது போல ஆகிவிடும். அந்த இடத்தில் சத்தத்தைக் குறைக்காதீர்கள்.