எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் மாதிரிக்கு வலுவான காந்தப்புலம் கொடுக்க முடியுமா?

முடியும். சொல்லப்போனால், கேட்காமலேயே கிடைக்கும்! மாதிரிக்குள் எலக்ட்ரான் கற்றையைச் செலுத்திப் படமெடுக்கும் ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில், மாதிரி உட்காரும் இடமே பொருளருகு லென்ஸின் (முதன்மை லென்ஸ்) நடு இடைவெளிதான். அந்த லென்ஸ் ஒரு மின்காந்தம். அங்கே புலம் சுமார் 2 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு). இரும்பு, கோபால்ட் படலத்தை வைத்தால், நீங்கள் பார்க்க வந்த காந்தத் திரள்களை (ஒரே திசையில் காந்தமான சிறு பகுதிகளை) அந்தப் புலம் முதலிலேயே அழித்துவிடும்.

அதனால் அந்த லென்ஸை அணைத்துவிட்டு, மாதிரியின் மேல் வலுவான புலம் விழாத லோரன்ட்ஸ் லென்ஸ் என்ற வேறொன்றால் படமெடுப்பார்கள். அப்புறம் மாதிரிக்கு வேண்டிய புலம் கொடுக்க, பொருளருகு லென்ஸின் மின்னோட்டத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். புலம் கற்றையின் திசையிலேயே இருப்பதால் கற்றை பெரிதாக விலகாது. 0.2 டெஸ்லா வைத்து மாதிரியை 30 பாகை சாய்த்தால், படலத்தின் தளத்தில் 0.1 டெஸ்லா கிடைக்கும். எனக்குப் பிடித்த வழி இதுதான். கூடுதல் கருவியே வேண்டாம்.

பக்கவாட்டுப் புலம்தான் தலைவலி. 200 கிலோவோல்ட்டால் முடுக்கிய எலக்ட்ரான், கற்றைக்குக் குறுக்கான 1 டெஸ்லா புலத்தில் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைந்துவிடும். படம் திரையிலேயே இருக்காது. சுருள் பொருத்திய மாதிரித் தாங்கிகள் உண்டு, ஆனால் விலகிய கற்றையைத் திருப்பிக் கொண்டுவர மேலும் கீழும் ஈடுசெய் சுருள்கள் வேண்டும்.