வெயிலில் நிற்கும் பிள்ளைகள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வட ஐரோப்பிய ஓவியர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு டென்மார்க்கின் க்ரோயர், ஸ்வீடனின் கார்ல் லார்சன் ஆகியோரின் படங்களைத் தேடிப் பார்த்தேன். அழகுதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் சலித்துவிட்டது. எங்கும் வெயில், கடற்கரை, பொன்னிற முடிக் குழந்தைகள். வறுமையும் நோயும் நிறைந்த 19ஆம் நூற்றாண்டில் பிள்ளைப்பருவம் இப்படியா இருந்திருக்கும்? நகரத்து ஓவியர்கள் விடுமுறைக்குப் போய்க் கண்ட கனவுதானே இது?

ம.

அன்புள்ள ம.,

லார்சன் விஷயத்தில் நீங்கள் சொல்வதைப் பெருமளவு ஏற்கிறேன். ஸ்வீடனின் சுண்ட்போர்ன் கிராமத்தில் தன் வீட்டையும் பிள்ளைகளையும் அவர் வரைந்த நீர்வண்ணப் படங்கள் 1899இல் புத்தகமாக வந்தன. ஸ்டாக்ஹோமின் வறுமையில், கடுமையான தந்தையிடம் வளர்ந்தவர் அவர். தனக்குக் கிடைக்காத பிள்ளைப்பருவத்தைக் காகிதத்தில் கட்டியெழுப்பினார் என்றே நினைக்கிறேன். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவரை மட்டும் வைத்து ஒரு தலைமுறையையே எடைபோடக் கூடாது.

இன்னும் கொஞ்சம் கிழக்கே, பின்லாந்துக்கு வாருங்கள். அன்று அது ரஷ்யப் பேரரசின் பகுதி. ஆனால் அதன் ஓவியர்களும் ஸ்காண்டிநேவியர்களைப் போலவே பாரீஸில் பயின்று, திறந்தவெளியில் வரையும் பழக்கத்தோடு ஊர் திரும்பியவர்கள். ஆல்பர்ட் எடெல்ஃபெல்ட் 1879 கோடையில் போர்வோ நகருக்கு அருகிலுள்ள ஹைக்கோவில் ஒரு பெரிய படம் வரைந்தார். தெளிந்த பகல், அமைதியான கடல், ஒரு துடுப்புப் படகு. படகில் ஒரு குழந்தையின் சவப்பெட்டி. மறுவருடம் பாரீஸ் கண்காட்சியில் அதற்குப் பதக்கம் கிடைத்தது. துக்கத்தை வரைய அவர் இருட்டையோ மழையையோ தேடவில்லை. குழந்தை செத்த அன்றும் கோடை வெயில் அப்படியேதான் அடிக்கும். வெளியே நின்று வரைந்தவருக்குத்தான் அது தெரியும். நீங்கள் சலித்துக்கொண்ட அதே வெயில்தான் இது.

சரி, விளையாடும் பிள்ளைகளுக்கு வருவோம். பின்லாந்தின் இன்னொரு ஓவியர் அக்செலி காலன்-கல்லேலா 1884இல், பாரீஸ் போவதற்கு முன்பே, தன் 19 வயதில் வரைந்த படம் ஒன்று ஹெல்சிங்கியின் அதெனியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெறுங்கால் சிறுவன் ஒருவன், ஒரு காகம், அவ்வளவுதான். வானம் கிடையாது, தொடுவானம் கிடையாது, படம் முழுக்கத் தரை. இப்படித் தொடுவானத்தை மேலே தள்ளிவிடுவது அந்தக் காலத்துத் திறந்தவெளி ஓவியர்கள், குறிப்பாக பிரான்ஸின் பாஸ்தியன்-லெபாஜைப் பின்பற்றியவர்கள், விரும்பிக் கையாண்ட வழி. அதனால் பார்வை தூரத்து அழகுக்கு ஓடாமல் மண்ணிலேயே நிற்கிறது. இன்னொரு காரியமும் செய்தார்கள்: பல சமயம் வெயிலைத் தவிர்த்து மேகமூட்டமான நாட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது வெளிச்சம் மணிக்கணக்காக மாறாது, ஒரு பிள்ளையை நிறுத்தி நிதானமாக வரையலாம். இந்தப் படங்களில் பலவற்றில் அந்த வெளிறிய சாம்பல் ஒளி வருவதற்குக் காரணம் சோகம் இல்லை, வேலை செய்யும் வசதிதான்.

எனக்கு இந்தப் படத்தில் முக்கியம், அந்தப் பையனுக்கு நம்மைப் பற்றிக் கவலையே இல்லை என்பது. அவனுக்குக் காகம்தான் விஷயம். நல்ல உடுப்பு போட்டு, நம்மைப் பார்த்துச் சிரிக்க வைக்கப்பட்ட குழந்தைகளை ஓவியக்கூடத்துக்குள் வரைந்த எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறோம். பிள்ளை இருக்கும் இடத்துக்கு ஓவியர் போனதும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. அது அவனுடைய இடம். ஓவியர்தான் அங்கே விருந்தாளி. கனவு என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

க்ரோயர் 1884இல் டென்மார்க்கின் ஸ்காகன் கடற்கரையில் விளையாடும் பிள்ளைகளை வரைந்தது உண்மை. ஆனால் அந்த ஊரிலேயே வாழ்ந்த மிகாயேல் ஆங்க்கர், 1896இல், கடலில் மூழ்கி இறந்த மீனவரின் உடலருகே கூடியவர்களையும் வரைந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், வறுமை. ஏரோ யார்னெஃபெல்ட் 1893இல் கிழக்கு பின்லாந்தின் லாபின்லாக்தி பகுதியில் வரைந்த படத்தில், காட்டை எரித்து நிலம் திருத்துகிறார்கள். புகைக்கு நடுவே கரி படிந்த முகத்தோடு ஒரு சிறுமி வேலையை நிறுத்தி நம்மை நேராகப் பார்க்கிறாள். படத்துக்கு மாதிரியாக நின்றவள் அந்தப் பண்ணையிலேயே வேலை செய்த 14 வயதுப் பெண். இவள் மட்டும் நம்மைப் பார்க்கிறாள், அதுவும் சிரிக்காமல். அதே நாட்டில் 1866 முதல் 1868 வரையிலான பஞ்சத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தப் பின்லாந்து ஓவியர்கள் அந்தப் பஞ்சகாலத்துச் சிறுவர்கள். பசியை அறியாமல் வரைந்தார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கடைசியாக ஒன்று. நார்வேயின் கிறிஸ்டியன் ஸ்க்ரெட்ஸ்விக் 1889இல் வரைந்த, ஏரிக்கரையில் வில்லோ மரக் குழல் ஊதும் சிறுவனையும் தேடிப் பாருங்கள். வசந்தத்தில் மரத்தில் சாறு ஏறும் கொஞ்ச நாட்களில்தான் பட்டை முழுசாகக் கழன்று வரும், அப்போதுதான் அந்தக் குழலைச் செய்ய முடியும். அது எப்போது என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். பார்த்துவிட்டு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள், இன்னும் பேசலாம்.

அன்புடன்