மிக்ஸி ஓடினால் டிவி நிற்பது ஏன்? கேள்வி பதில்

மதுரையில் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், வீட்டு மின்கருவிகளால் டிவிக்கு வரும் தொல்லைகளைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி (வில்லாபுரம்): ஐயா, காலையில் சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டவுடன் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. மாடியில் டிஷ் வைத்திருக்கிறோம். கிரைண்டர் ஓடினால் இந்தத் தொல்லை இல்லை. பழுது எதில்?

பதில்: கிரைண்டர் ஓடும்போது தொல்லை இல்லை என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது, அம்மா. கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதில் சுழலும் பகுதியை உரசிக்கொண்டு மின்சாரம் கொடுக்கும் உறுப்பு எதுவும் இல்லை. மிக்ஸியிலோ இரண்டு கார்பன் பிரஷ்கள் செம்புப் பட்டைகளாலான கம்யூட்டேட்டரின் மேல் உரசிக்கொண்டே இருக்கின்றன. பட்டை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தீப்பொறி எழுகிறது. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம்போல ஏராளமான அலைவரிசைகளில் இரைச்சலை, அதாவது காதுக்குக் கேட்காத வேண்டாத மின் அலைகளை, பரப்புகிறது.

அந்த இரைச்சல் மாடியிலுள்ள டிஷ்ஷை நேரடியாகக் கெடுப்பதில்லை. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை 11, 12 ஜிகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. மிக்ஸியின் இரைச்சலுக்கு அவ்வளவு உயரத்தில் வலு கிடையாது. அது நுழையும் வழிகள் இரண்டு. ஒன்று, வீட்டின் மின்வயர் வழியாக செட்டாப் பாக்ஸின் அடாப்டருக்குள் செல்வது. மற்றொன்று, டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிளின் முனைகள். அந்த முனையில் இருக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே மேலுறைக் கம்பிவலையைக் கையால் முறுக்கி ஒப்புக்குச் செருகியிருந்தாலும், பச்சைப் பாசிபோல் களிம்பு பிடித்திருந்தாலும், அங்கே இரைச்சலை உள்ளே விடாமல் தடுக்கும் கவசம் அறுந்துவிட்டது என்று பொருள். முதலில் மிக்ஸியை வேறு அறையின் பிளக் பாயிண்டில் போட்டுச் சோதியுங்கள். தொல்லை குறைந்தால் மின்வயர் வழி. குறையாவிட்டால் கேபிள் முனையைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். மிக்ஸியின் அடிப்பக்கத் துளைகளில் சின்ன நீலப் பொறி தெரிவது இயல்பு. மஞ்சளாக வளையம் போலச் சுற்றி எரிந்தால் பிரஷ்கள் தேய்ந்துவிட்டன, இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

கேள்வி (திருமங்கலம்): அந்தக் காலத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் போனால் டிவியில் புள்ளி புள்ளியாக வரும். இப்போது வருவதே இல்லையே?

பதில்: அப்போது மதுரைப் பக்கத்து மொட்டை மாடிகளில் ஆன்டெனாக்கள் எல்லாம் வடமேற்கே கொடைக்கானலில் இருந்த டிவி ஒளிபரப்பு நிலையத்தைப் பார்த்தபடி நின்றன. நேர்கோட்டில் 75 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலிருந்து வந்த மெலிந்த அலையை, வாசலில் போகும் வண்டியின் ஸ்பார்க் பிளக் எளிதாக விழுங்கிவிட்டது. அனலாக் ஒளிபரப்பில் படம் அலையின் உயரத்திலும் ஒலி அதன் அதிர்வு மாற்றத்திலும் ஏற்றப்பட்டிருந்ததால், படத்தில் புள்ளி விழுந்தபோதும் பேச்சு பெரும்பாலும் தெளிவாகவே கேட்டது. இப்போது புள்ளி வராததற்கு, பிற்கால வண்டிகளின் பிளக்கிலும் மூடியிலும் இரைச்சலை அடக்க மின்தடை சேர்க்கப்பட்டது ஒரு காரணம்; டிஜிட்டல் ஒளிபரப்பு இன்னொரு காரணம். டிஜிட்டலில் சிறு பிழைகளைப் பெட்டியே திருத்திக்கொள்கிறது. அதனால் ஓர் எல்லை வரை ஒன்றுமே தெரியாது, எல்லை தாண்டியதும் படம் ஒரேயடியாக நிற்கும். பழைய புள்ளிகள் முன்கூட்டியே எச்சரித்தன என்ற வகையில் எனக்கு அவற்றின்மேல் இன்னும் ஒரு மரியாதை உண்டு.

கேள்வி (செல்லூர்): பக்கத்தில் விசைத்தறிக் கூடம் இருக்கிறது. அது ஓடும் நேரத்தில் எங்கள் டிவி அடிக்கடி உறைந்து நிற்கிறது. கொடைக்கானல் பண்பலை 100.5-ஐயும் கேட்க முடியவில்லை. தறிக்காரரிடம் சண்டைக்குப் போகலாமா?

பதில்: போகாதீர்கள், முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். தறியை ஓட்டும் மோட்டாரும் பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் வகைதான். போடும்போதும் நிறுத்தும்போதும் ஸ்டார்ட்டரில் ஒரு ‘டக்’ வருமே தவிர, மணிக்கணக்கில் இரைச்சல் தராது. எனக்கு ஐயம் தறிகளுக்கு மேலே தொங்கும் விளக்குகளின் மீதுதான். விலை மலிவான எல்.இ.டி. டியூப்களில் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி மாற்றும் சுற்று இருக்கும். அதற்கு முன்னால் இருக்க வேண்டிய இரைச்சல் வடிகட்டியைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள்.

பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோ ஒன்றை எடுத்து, மீடியம் வேவில் மதுரை வானொலியின் 1269 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்றுத் தள்ளி, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். முதலில் உங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் குற்றவாளி உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். நிற்காவிட்டால் ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, எங்கே உரக்கக் கேட்கிறதோ அங்கே நில்லுங்கள். தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்குகளை மட்டும் ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லிக் கேட்பது, சண்டையைவிட எளிது. ஒரு வீட்டில் இப்படித் தேடியபோது, பூஜையறையின் சீரியல் பல்புக்கு மாட்டியிருந்த அடாப்டரில் போய் நின்றேன். அவர்களும் அதுவரை பக்கத்து வீட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி (உசிலம்பட்டி): ஃபேன் ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் ரேடியோவில் ‘கர்ர்’ என்கிறது, முழு வேகத்தில் வைத்தால் இல்லை.

பதில்: அது வழவழவென்று சுழலும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டராக இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வொரு அரை அலையையும் நடுவில் வெட்டுவதால், நொடிக்கு 100 முறை அந்தக் ‘கர்ர்’ பிறக்கிறது. ஒன்று, இரண்டு என்று படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டரை மாட்டினால் தீரும்.

கேள்வி (மேலூர்): கிணற்று மோட்டாரைப் போட்டால் செட்டாப் பாக்ஸ் அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

பதில்: இது இரைச்சல் தொல்லையே அல்ல. படம் உறைந்தால் இரைச்சல். பெட்டி அணைந்து எழுந்தால் வோல்டேஜ் சரிவு. மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கிறது. நல்ல அடாப்டர் அந்தச் சரிவைத் தாங்கும். உள்ளே கெப்பாசிட்டர் வற்றிய பழைய அடாப்டர் தாங்காது. அதே வோல்டேஜ், ஆம்பியர் அளவுள்ள புதிய அடாப்டரைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி (கே.கே.நகர்): கேபிள் டிவியில் சில சேனல்கள் மட்டும், அதுவும் பாக்ஸ் மேல் செல்போனை வைத்தால் மட்டும், உடைகின்றன.

பதில்: கேபிளுக்குள் ஓடும் அலைவரிசை 862 மெகாஹெர்ட்ஸ் வரை நீள்கிறது, செல்போன்கள் பேசும் அலைவரிசைகளில் ஒன்று 824 முதல் 844 வரை அதற்குள்ளேயே விழுகிறது. அந்த இடத்தில் இருக்கும் சேனல்கள் மட்டும் அடிபடும். போனைத் தள்ளி வையுங்கள்; கேபிளைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் பிளாஸ்டிக்கில் இருந்தால் உலோக உறையுள்ளதாக மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி (அலங்காநல்லூர்): இரைச்சலை அடக்க நானே ஒரு கெப்பாசிட்டரை மிக்ஸி வயரில் பற்றவைக்கலாமா?

பதில்: 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 (வீட்டு மின்சாரத்தில் நேரடியாக மாட்டுவதற்கான பாதுகாப்பு வகை) என்று மூன்றும் அச்சிட்ட கெப்பாசிட்டர் மட்டுமே அதற்கு உரியது; சாதாரண வகை ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். மிக்ஸியைப் பிரித்துப் பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். அதைவிட, டிவிக்கும் பாக்ஸுக்கும் வடிகட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் போர்டு வாங்குவது நல்லது. ஆனால் அந்த வடிகட்டியின் ஒரு பகுதி இரைச்சலை எர்த்துக்கு இறக்குவதால், சுவரிலுள்ள மூன்றாவது துளையில் உண்மையில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்த பிறகு வாங்குங்கள்.